மூன்றாம் கிடங்கின் சாதனை

நாட்டின் பசியை அடியோடு ஒழிப்பதற்கான உயர்மட்டக் குழு, ஏழாவது முறையாகக் கூடி, எட்டாவது முறை கூடுவதென்று ஏகமனதாகத் தீர்மானித்தது. நடுவில், குழுத் தலைவர் மூன்றாம் தானியக் கிடங்கைப் பார்வையிட வந்தார்.

கிடங்குக் காவலர் அனுமதி வாங்காமல் ஒருத்தியை உள்ளே தங்கவைத்திருந்தார். தெரிந்தால் அவளை விரட்டிவிடுவார்கள்.

“மத்த அஞ்சு கிடங்குலயும் பாதி மூட்டை எலி வயித்துக்குப் போகுது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கு அரைச் சாப்பாடுதான். இங்க மட்டும் எப்படிய்யா சேதாரமே இல்ல?” என்று கேட்டார் தலைவர்.

“எல்லாம் ராணி பாத்துக்கறா சார்” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார் காவலர். “ராத்திரி முழுக்க ரோந்து.”

“பெண் ஊழியரா! சம்பளம்?”

“தங்க இடம் போதும்னு இருந்துட்டா சார்.”

“என்ன தியாகம்! கூப்பிடு, எல்லாக் கிடங்குக்கும் பயிற்சி குடுக்கட்டும்.”

“பிரசவமாகிப் படுத்திருக்கா சார். அஞ்சு பிள்ளைங்க.”

“அஞ்சா!” தலைவருக்கு முகம் சிவந்தது. “நாட்டுல பசி தீராததுக்கு இதான்யா காரணம். இப்படிப் பெத்துத் தள்ளினா யாரு சோறு போடறது? வா, நானே அந்தம்மாவுக்குப் புத்தி சொல்றேன்.”

காவலர் வேறு வழியில்லாமல் மூட்டை அடுக்குக்குப் பின்னால் அழைத்துப் போனார். பழைய சாக்கில் படுத்திருந்த பூனை, தலைவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடியும் குட்டிகளை நக்கத் தொடங்கியது.

தலைவர் தொண்டையைச் செருமினார். “மத்த கிடங்கும் அஞ்சுதானே?” என்றார்.

வளர்ந்ததும் கிடங்குக்கு ஒரு குட்டி போய்ச் சேர்ந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இப்போது முழுச் சாப்பாடு. குழுவின் எட்டாவது கூட்டம் இன்னும் நடக்கவில்லை. அந்த வட்டாரத்தில் பட்டினி கிடப்பவை எலிகள் மட்டும்தான்.