ஏழு கேள்விகள்

"ஸ்பீக்கர்ல போடு டீச்சர். நானும் கேக்கறேன்" என்றான் மெக்கானிக். கட்டிய மனைவியை அவன் டீச்சர் என்றுதான் கூப்பிடுவான்.

அவள் கைப்பேசியைச் சாப்பாட்டு மேசையின் நடுவே வைத்தாள். பக்கத்தில் இரண்டு வேலைக் கடிதங்கள். இரண்டுமே வெளிநாட்டில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் வேலை. ஒன்று, ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் பெரிய கோச்சிங் சென்டர். மற்றது, தமிழ் பேசும் ஓர் அம்மாள் நடத்தும் சின்னப் பள்ளிக்கூடம். அங்கே சம்பளம் சென்டரில் தருவதில் பாதிதான். ஆறு மணிக்குள் ஏதாவது ஒன்றுக்குச் சரி சொல்லியாக வேண்டும்.

சம்பளம் மட்டும்தான் கணக்கென்றால் யோசிக்கவே வேண்டாம். ஆனால் டீச்சர் ஒருமுறை சூடு பட்டவள். போன தடவை போன இடத்தில் முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டிக்கொண்டான். அப்பா இறந்த சேதி வந்தும் அவளால் முகம் பார்க்க வர முடியவில்லை. இப்போது ஆறு வயது மகளை விட்டுவிட்டுப் போக வேண்டும். அதனால், "கடவுளே, நல்ல மனுஷங்ககிட்டக் கொண்டுபோய்ச் சேத்துடு" என்று வேண்டிக்கொண்டு, ஒரு தாளில் ஏழு கேள்விகள் எழுதினாள். அந்தந்த இடத்தில் வேலை பார்த்தவர்களையே கேட்டுவிடுவதென்று தீர்மானம்.

காலையில் சென்டர் ஆசிரியர் ஒருவர் ஏழுக்கும் மடமடவென்று பதில் சொல்லிவிட்டார். "எல்லாம் ஏ ஒன் மேடம்! கண்ணை மூடிக்கிட்டு வாங்க!"

இப்போது பள்ளிக்கூடத்தின் முறை. அந்த வேலையில் முன்பு இருந்த ஓர் அக்காவின் எண்ணைக் கொடுத்தது பள்ளிதான். நான்கு மணிக்குக் கூப்பிடுங்கள் என்று நேரம் குறித்ததும் பள்ளிதான்.

"அக்கா, சம்பளம் தவறாம வருமா?"

மறுமுனையில் கீச், கீச் என்று ஏதோ உரசும் சத்தம். பிறகு, தெருவின் அந்தக் கோடியில் நிற்பவரைக் கூப்பிடுவதுபோல ஒரு குரல்: "ஒண்ணாம் தேதியானா வந்துடும்மா!"

மெக்கானிக் காதைப் பொத்திக்கொண்டான். "என்ன, மைக் கட்டிப் பேசுறாங்களா?"

"சும்மா இருங்க. அக்கா, பாஸ்போர்ட்டை யார் வச்சுக்குவாங்க?"

கீச், கீச். "என்னோடது என் பெட்டியிலதான் இருக்கு! யாரும் கேட்டதே இல்லை!"

தங்கும் அறை, வேலை நேரம், ஊருக்கு வர டிக்கெட் என்று அடுத்த மூன்றுக்கும் அதே கீச், அதே கத்தல். மெக்கானிக் அவள் காதோடு கிசுகிசுத்தான். "மார்க்கர் சத்தம் அது. பக்கத்துல ஆள் இருக்கு. பதிலை எழுதிக் காட்ட, இவங்க படிக்கிறாங்க."

டீச்சருக்கும் அந்தச் சந்தேகம் வந்திருந்தது. ஆறாவதைக் கேட்டாள். "சம்பளம் மட்டும் ஏன்க்கா இவ்ளோ குறைச்சல்?"

கீச் சத்தம் பாதியில் நின்றது. சற்றுப் பொறுத்து மறுபடி தொடங்கியது. "அங்க வேலைக்கே வராத ஒரு ஆளுக்கும் மாசாமாசம் சம்பளம் போகுதும்மா! அதான்!"

"பாத்தியா!" என்று மெக்கானிக் தொடையைத் தட்டினான். "முதலாளியம்மாவோட தம்பியோ மச்சானோ உக்காந்து தின்னுக்கிட்டிருப்பான். நீ தொண்டை வறளக் கத்தணும், அவன் ஏப்பம் விடணும்!"

ஏழாவது கேள்வி. "உடம்பு முடியாமப் படுத்துட்டா, பாத்துக்குவாங்களாக்கா?"

கீச், கீச். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது. "பாத்துக்குவாங்கம்மா" என்றது குரல், முதல்முறையாகக் கத்தாமல். இணைப்பு போய்விட்டது.

"அழுறாங்க டீச்சர்! மிரட்டி வச்சிருக்காங்க. பேசாம சென்டருக்குச் சரின்னு அனுப்பு."

டீச்சர் அந்த ஒற்றைச் சொல்லைத் தட்டினாள். ஆனால் அனுப்பப் போன விரல் அப்படியே நின்றது. "நான் தப்பிச்சுட்டேன். அந்த அக்கா?"

"நமக்கென்ன அதைப் பத்தி?"

"அப்பா போன அன்னிக்கு, பக்கத்து ரூம்ல இருந்தவங்களும் இதைத்தாங்க சொன்னாங்க."

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. கேள்வித் தாளைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் அவனே எழுதினான்: 'மிரட்டுறாங்களா அக்கா? தலையை மட்டும் ஆட்டுங்க.'

"வீடியோவுல கூப்பிடு. வாயே திறக்காம இதைக் காட்டு. ஆபத்துன்னா நான் யார்கிட்ட சொல்லணுமோ சொல்றேன்."

திரை தெளிந்தது. கட்டிலில் சாய்ந்தபடி ஒரு பெண். மொட்டைத் தலை. காதுக்குப் பின்னால் நீளமாகத் தையல் தழும்பு. டீச்சர் தாளைத் தூக்கிக் காட்டினாள்.

அந்த அக்கா கண்ணைச் சுருக்கிப் படித்துவிட்டு, கட்டில் குலுங்கச் சிரித்தார். "மிரட்டுறாங்களா! இவங்களா? ஆபரேஷன்ல ரெண்டு காதும் போயிடுச்சும்மா. நான் வேலைக்குப் போயி எட்டு மாசமாச்சு. சொன்னா நீ பயந்து வராம போயிடுவியோன்னு மறைச்சுட்டேன். இந்தா, நீயே பாரு!"

கைப்பேசி திரும்பியது. கடிதத்தில் படமாகப் பார்த்த அதே முதலாளியம்மாள், கட்டிலோரம் ஸ்டூலில், ஒரு கையில் மருந்து டம்ளரும் மறு கையில் மார்க்கருமாக உட்கார்ந்திருந்தார். அவர் மடியிலிருந்த வெள்ளைப் பலகையில், டீச்சர் கேட்ட ஏழாவது கேள்வி குண்டு குண்டான எழுத்தில் இன்னும் அழிக்கப்படாமல் இருந்தது.