சுகருக்கு ரெண்டு இடம்

லீவில் இருந்த மேனேஜரிடமிருந்து போன் வந்ததுமே, புரோகிராமர் பெண் திட்டு வாங்கத் தயாரானாள்.

"ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர்ல ரத்த சுகருக்கு நீ எழுதின டேட்டா டைப்பைப் பத்திப் பேசணும்மா."

"போன மாசமே மீட்டிங்ல 'மெமரி என்ன உங்கப்பா வீட்டுச் சொத்தா?'ன்னு கேட்டுட்டீங்களே சார்!"

"இன்னொரு தடவை சொல்லு. ஒரு நம்பர் போதுமே, மெமரியில எதுக்கு ரெண்டு இடம்?"

"நம்ம ஃபங்ஷனல் புரோகிராமிங் லாங்வேஜ்ல டைப்பை, அதாவது டேட்டாவோட வடிவத்தை, எப்படி எழுதறோமோ, டேட்டாவும் அப்படித்தான் சார் மெமரியில உக்காரும். 'அளக்கவில்லை', இல்லேன்னா 'அளந்தது, இவ்வளவு'ன்னு எழுதியிருக்கேன். அளந்தாச்சாங்கறதுக்கு ஒரு இடம், அளவுக்கு ஒரு இடம்."

"வெறும் நம்பரா வச்சிருந்தா?"

"அளக்காததையும் பூஜ்யம்னு காட்டும். மயங்கி வந்தவருக்கு சுகரே இல்லேன்னு பதறிப்போய் குளுக்கோஸ் ஏத்திடுவாங்க. அவருக்கு ஏற்கெனவே எகிறியிருந்தா?"

மறுமுனையில் ஏதோ மெஷின் 'பீப்' என்றது.

"மெமரியை ரொம்பத் தின்னுதுன்னா மாத்திடறேன் சார்..."

"கை வச்சே, நடக்கறதே வேற!"

அப்போது போனில் ஒரு பெண் குரல் குறுக்கிட்டது.

"கையை ஆட்டாதீங்க சார், ட்ரிப்ஸ் ஊசி கழண்டுடும். நேத்து உங்களை மயக்கத்துல தூக்கிட்டு வந்தப்ப, ஸ்க்ரீன்ல 'அளக்கவில்லை'ன்னு வந்ததாலதான் முதல்ல அளந்து பார்த்தோம். ஐநூத்திப் பத்து! இன்னும் முழுசா இறங்கலை."



"கேட்டியாம்மா?" என்றார் மேனேஜர். "உன் டைப் மெமரியைத் தின்னா தின்னுட்டுப் போகட்டும். என்னைத் தின்னாம விட்டுச்சே!"