திரைக்கு முன்னால் கூப்பிட்ட பெயர்

பகாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தினமும் பெயர் கூப்பிட்டு ஆள் எடுக்கும் பிரட்டுக் களத்தில், அந்தி இருட்டுக்குள் கட்டிய வேட்டித் துணியில் ஊமைப் படம் ஓடுகிறது. சயாம் ரயில் போட ஜப்பான் பட்டாளம் பிடித்துக்கொண்டுபோன தோட்டத்து ஆண்கள் திரையில் மண் சுமக்கிறார்கள். டோக்கியோ கொட்டகைகளில் பேசாத படங்களுக்குப் பேசிப் பேர் வாங்கிய ஜப்பான்காரன், திரையோரம் நின்று அவர்களுக்கெல்லாம் குரல் கொடுக்கிறான். மயிலம்மாளின் புருஷன் ஒட்டிய வயிறோடு திரையில் நிமிர, இவன் கணீரென்று சிரித்து ஜப்பான் மொழியில் பேசுகிறான். “வயிறாரச் சாப்பிடுறேன், கவலப்படாதங்கிறாரு,” என்று தமிழில் சொல்கிறார் தோட்டத்துக் கணக்கெழுதும் எட்வர்ட் கிராணி. “அது அவரு குரல் இல்ல,” என்று மயிலம்மாள் எழுந்து நிற்கிறாள். சுற்றி நிற்கும் சிப்பாய்களின் துப்பாக்கிகள் அவள் பக்கம் திரும்புகின்றன. தாலி ஏறிய நாளிலிருந்து வாயால் சொல்லாத புருஷன் பெயரை, பிரட்டில் கூப்பிடுவதுபோல் உரக்கக் கூப்பிடுகிறாள்: “சடையன்.” பக்கத்தில் பஞ்சாலை என்பவள் எழுந்து தன் புருஷனைக் கூப்பிடுகிறாள்: “மாரிமுத்து.” களமெங்கும் பெண்கள் எழுந்து எழுந்து புருஷன் பெயரைக் கூப்பிடுகிறார்கள். எல்லாருக்கும் குரல் கொடுத்தவனுக்கு, ஒரு பெயருக்குக்கூடப் பதில் சொல்ல வாய் எழவில்லை.