கைக் கிளட்ச்

பினாங்கில் அண்ணன் சேவியர் ஓட்டிய ஐம்பது வயதுக் கார், அவனுக்கு முன்பே கப்பலில் வந்துவிட்டது. ஆர்டிஓ மைதானத்தில் இன்ஸ்பெக்டர், ஸ்டியரிங்குக்குக் கீழே அவன் பொருத்தியிருந்த கம்பியை அசைத்துப் பார்த்தார்.

"கையால அமுக்குற கிளட்ச். வீட்ல யாருக்காவது கால் ஊனமா? அதுக்குத் தனி ஃபாரம் இருக்கு."

"இல்ல சார்." அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் இதையே சொல்லிப் பழகிய வாய்.

"அப்ப கழட்டிட்டு வாங்க."

கழற்றினேன். கார் பாஸாகிவிட்டது.

அடுத்த மாதம் ஊருக்கே திரும்பிவிட்ட அண்ணன், டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருகினான். அவன் கை தானாக ஸ்டியரிங்குக்குக் கீழே போய், ஒன்றுமில்லாத இடத்தில் துழாவியது. இன்ஜினை அணைத்தான். இரண்டு கையாலும் இடது காலைத் தூக்கி வெளியே வைத்தான்.

"என்னைப் பத்திக் கேட்டாங்களாடா?" என்றான்.