பச்சைக் கோடு

வீடியோ மீட்டிங் திரையில் தலைமை அலுவலகத்தார் ஏழு பேர் வாயசைத்துக்கொண்டிருந்தார்கள். மேலாளரின் கம்ப்யூட்டரில் சத்தமே வரவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே ரிப்பேர் திட்டுவதுதான்.

பழுதுபார்க்க வந்த புது ஆள் வணக்கம் வைத்துவிட்டு, திரை ஓரத்தில் ஒலி அமைப்புகளைத் திறந்தான்.

"எவ்வளவு நேரம்டா ஆகும்?"

அவன் திரும்பாமல் மவுஸை நகர்த்திக்கொண்டிருந்தான்.

"வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா? உன்னை மாதிரி எருமையைத்தான் தலைமை ஆபீஸ் பொறுக்கி எடுத்து அனுப்பும். அங்கே நடுவுல உட்கார்ந்திருக்காரே டைரக்டர், அவரே ஒரு தண்டம். மாமனார் தயவுல நாற்காலி பிடிச்ச ஆளு!"

உதவியாளர் பெண் பதறினாள். "சார், அவங்களுக்கு..."

"நமக்கே கேக்கலை, அவங்களுக்கு எங்கேம்மா கேக்கப்போகுது?"

வந்தவன் திரும்பி, தன் காதைத் தொட்டு, கேட்காது என்று கையசைத்தான். ஒரு தாளில் எழுதி நீட்டினான்.

'சத்தம் வேறு ஸ்பீக்கருக்குப் போய்க்கொண்டிருந்தது. இதோ மாற்றுகிறேன். மைக்கில் குறையே இல்லை சார். நீங்கள் வாய் திறக்கும்போதெல்லாம் திரையில் மைக்கின் ஒலி அளவைக் காட்டும் பச்சைக் கோடு துள்ளுகிறது.'

மேலாளர் படித்து முடிப்பதற்குள் அவன் மவுஸைத் தட்டினான். ஸ்பீக்கர் உயிர்பெற்றது.

"தண்டம்தான் பேசறேன். இப்ப நல்லா கேக்குதா?"