லினக்ஸில் இருந்த குரல்

"பழைய லேப்டாப்புல இருந்த எல்லாத்தையும் புதுசுக்கு மாத்தியாச்சும்மா. விண்டோஸ் நல்லா வருது. கூட இருக்கிற இன்னொரு சிஸ்டம், லினக்ஸ்தான் எழும்ப மாட்டேங்குது. அழிச்சிடவா?" என்று கேட்டான் கம்ப்யூட்டர் மெக்கானிக்.

"ஐயோ, வேண்டாம்ப்பா! அதுலதான் அவர் குரல் இருக்கு" என்று பதறினாள் அந்த அம்மா.

அவனுக்கு மனசு கனத்துவிட்டது. லேப்டாப்பைத் தொடங்கவைக்கும் பூட் செட்டிங்கை மாற்றி மாற்றிப் பார்த்தான். ஒருவழியாக லினக்ஸ் எழுந்தது.

"சார் எப்பம்மா தவறினாரு?"

"அட, நீ வேற! என்னங்க, இங்க வாங்க!"

தொண்டையில் ஆபரேஷன் தழும்போடு உள்ளேயிருந்து வந்த கணவர், உட்கார்ந்து கீபோர்டில் தட்டினார். அவர் தட்டியதை லேப்டாப் கணீரென்று பேசியது.

"நன்றி தம்பி. பழசு கெட்டதுலேர்ந்து இவளைத் திட்ட முடியாம தவிச்சுப் போயிட்டேன்!"

"நல்லாத் திட்டுங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் அவள்.