வீட்டுப் பெயர்

அன்று செவ்வாய்தானா என்பது உறுதியாக நினைவில்லை. செவ்வாய் என்றே வைத்துக்கொள்வோம். காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் இயந்திரம் இரைகிறது. ஈழப்போரில் தானாகப் போய்ச் சேர்ந்து, உயிர் தப்பி வந்து, இங்கே ஐஸ் உடைக்கும் செழியனிடம், கும்மிடிப்பூண்டி அகதிகள் முகாமிலிருந்து வந்த தவமணி ஒரு படத்தை நீட்டுகிறாள். “இவன்தான் என்ர தம்பி நகுலேசன்.” போனில் மூன்று முறை இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அப்படி ஒருவன் எங்கள் அணியில் இல்லை என்று மூன்று முறையும் அவன் சொல்லியிருக்கிறான். அணியில் எல்லோருக்கும் இயக்கம் வைத்த பெயர்தான்; யாரும் யாருடைய வீட்டுப் பெயரையும் கேட்பதில்லை. அவன் சொன்னதை நம்பி, தம்பி ஏதாவது சிறையில் இருப்பான் என்று பத்து வருடமாக அவள் மனுப் போடுகிறாள். படத்தில், பள்ளிச் சீருடையில், பிளந்த புருவத்தோடு, அணியில் அவனோடு இருந்த கீரன் சிரிக்கிறான். செழியனின் விரலிலிருந்து ஐஸ் தண்ணீர் படத்தின்மேல் சொட்டுகிறது. “இன்னா மாமு, சிலையாட்டம் நின்னுகினு கீற? ஐஸு கரையுதுபா!” என்று கூட வேலை செய்யும் கோதண்டம் கத்துகிறான். “அக்கா, இவன் கீரன். நான்தான் புதைச்சனான்” என்கிறான் செழியன். தவமணி படத்தை வாங்கி, ஈரத்தை முந்தானையால் துடைக்கிறாள். பிறகு, “அண்டைக்கு, அந்தக் கடைசி நாளில, சாப்பிட்டவனோ?” என்கிறாள். “ஓம். கஞ்சி குடிச்சவன்.” அணியில் நாற்பத்தொரு பேர் இருந்தார்கள். முப்பத்தொன்பது பேர் அங்கேயே இறந்தார்கள். ஒருவன் கனடாவில் லாரி ஓட்டுகிறான். செழியன் காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறான். தவமணி மனுப் போடுவதை நிறுத்திவிட்டாள்.